கொஞ்சத்தைக் கூட்டிப் பார்த்தவர்

அவரை நான் முதன்முதலாகக் கண்டது கோயில் கார்ப்பார்க்கில், மழைக்குள். எல்லோரும் அர்ச்சனைத் தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் தரையில் பதித்த இரும்புக் கிராதிக்கு முன்னால் குனிந்து நின்று, தண்ணீர் அதற்குள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோடு ஏதும் கழன்று விழுந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். நான் அப்போது நிர்வாகசபையில் இருந்தேன். கோயிலில் எது தொலைந்தாலும் கடைசியில் என் தலையில்தான் விழும். ஆகவே முழங்கால் நோவோடு குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

"என்ன பிள்ளை, ஏதும் விழுந்திட்டுதோ?"

"இல்லை அங்கிள். உது எங்கை போகுது?"

"உது கான்."

"ஓம், கான்தான். கானாலை எங்கை போகுது?"

தெருவோர வடிகாலை நாங்கள் கான் என்போம். கானுக்குள் போனது போனதுதான். அதன் பிறகு அது எங்கே போகிறதென்று என்னை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். வருத்தத்தோடு அல்ல; அந்தப் பதிலை அன்றைக்கு ஏற்கெனவே பல பேரிடம் கேட்டுக் களைத்த ஒருவருடைய தலையாட்டல் அது.

அவர் மாகாண அரசின் அலுவலகமொன்றில் வேலை செய்தார். இந்த மாகாணத்தின் ஒவ்வொரு ஊரும் தன் மழைத் தண்ணீரை எங்கே தேக்கவேண்டும், ஓடைக்கு விடுமுன் எவ்வளவு சுத்தமாக்கவேண்டும் என்று எல்லா ஊர்களுக்கும் சேர்த்து ஒரு திட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதை எழுதும் குழுவில் அவரும் ஒருவர். நான் அவரை அறிவதற்கு முன்பே அந்த வேலை தொடங்கியிருந்தது. அமைச்சர்கள் மாறினார்கள், மாறும்போதெல்லாம் வரைவு முதற்பக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கப்பட்டது. அவர் நகரத்தின் கிழக்கே, மல்வேர்னில், ரவுண்ஹவுஸ் என்கிற வரிசை வீடொன்றில் கணவரோடு இருந்தார். கணவருக்கு மறுகோடியில், மிசிசாகாவில், விமான நிலையத்துப் பக்கம் வேலை. ஒருவர் வரும்போது மற்றவர் போவார்.

அவருடைய காரின் பின்பெட்டியில் அர்ச்சனைக் கூடையும் ஒரு சோடி றப்பர் சப்பாத்தும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். அரிசி மூட்டை ஏற்றிவரப் போன ஒருநாள் கண்டேன். சப்பாத்தில் காய்ந்த சேறு. சாமிச் சாமானுக்குப் பக்கத்தில் இதென்ன என்று கேட்டதற்கு, இரண்டுக்கும் கழுவின தண்ணிதானே அங்கிள் வேணும் என்றார். அது பதிலா பகிடியா என்று எனக்கு விளங்கவில்லை.

எதைக் கண்டாலும் அது அடுத்து எங்கே போகிறது என்று பார்ப்பார். வேறு எப்படியும் அவருக்குப் பார்க்கத் தெரியாது. ஒரு கலியாண மண்டபத்தில், தாலி கட்டி முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்க, இவர் பின்கதவால் போய்விட்டார். சமையல்காரப் பொடியன் ஒருவன் எண்ணெய்ச் சட்டியைக் கழுவி வெளியே ஊற்றுவதைக் கதவிடுக்கால் கண்டிருக்கிறார். திரும்பி வந்தபோது சோறு முடிந்திருந்தது. என் மருமகன் வீட்டு முன்றிலில் சவர்க்காரம் போட்டுக் காரைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்குத் தோசைமா கொண்டுவந்தவர் மாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்று, புல்லில் ஏற்றிக் கழுவினால் மண் அதை உறிஞ்சிவிடும் என்று விளங்கப்படுத்தினார். மருமகன் சிரித்தபடி ஓம் ஓம் என்றான். அவர் போனதும் மிச்சத்தையும் அங்கேயே கழுவினான். பிள்ளைகள் அவருக்குக் கான் அன்ரி என்று பேர் வைத்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

இந்த நகரத்தில் நிலத்துக்குக் கீழே இரண்டு குழாய் ஓடுகிறது என்பதை எனக்குச் சொன்னது அவர்தான். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, கடதாசிக் கிண்ணத்தில் கடலையோடு படியில் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக் குசினி, மலசலகூடத் தண்ணீர் எல்லாம் ஒரு குழாயால் போய், சுத்திகரிக்கப்பட்டு ஏரிக்குப் போகிறது. தெருவில் விழும் தண்ணீர் மற்றக் குழாயால் நேரே ஓடைக்குப் போகிறது. இடையில் அநேகமாக ஒன்றுமில்லை. புதுக் குடியிருப்புகளில் அதற்கென்று ஒரு குளம் வெட்டுகிறார்கள். பழைய இடங்களில் அதுவும் இல்லை. உப்பு, எண்ணெய், சிகரெட் கட்டை, நாய்ப்பீ எல்லாம் அப்படியே போகும். நான் இவ்வளவு காலமும் ஒரு குழாய் என்றே நினைத்திருந்தேன் என்றேன். எல்லாருமே அப்படித்தான் நினைக்கிறார்கள் என்றார்.

ஒருமுறை தன் திட்டத்தைப் பொதுமக்களுக்கு விளக்கும் கூட்டத்துக்கு என்னை வரச்சொன்னார். ஆட்கள் வரமாட்டார்கள், அங்கிளுக்கு நேரமிருக்கும்தானே என்றார். நேரம்தான் இருக்கிறது. இரண்டு பஸ் மாறிப் போனேன். எண்பது கதிரை போட்டிருந்த மண்டபத்தில் பதினேழு பேர். அதில் ஆறு பேர் அரசாங்க ஆட்கள். ஒருவர் நித்திரை. இலங்கையில் புள்ளிவிபரத் திணைக்களத்திலும் இங்கே ஒரு கிடங்கில் சரக்கெண்ணும் வேலையிலும் காலத்தைக் கழித்தவன் நான். எந்த இடத்துக்குப் போனாலும் எண்ணாமல் உட்கார முடியாது.

மூன்று ஊர்களின் பிரதிநிதிகள் எழுந்து பேசினார்கள். திட்டம் நல்லது, ஆனால் எங்களுடையது சின்ன ஊர், எங்களிடமிருந்து போவது கொஞ்சம்தான், முதலில் ஓடையில் எங்களுக்கு மேலே இருப்பவர்களைக் கேளுங்கள் என்றார் ஒருவர். மேலே இருப்பவர், எங்களிடமிருந்து போவதும் கொஞ்சம்தான் என்றார். மூன்றாமவர், தேர்தல் முடியட்டும் என்றார். என்னை வரச்சொன்னவர் மேடையில் நின்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஒருவரோடும் தர்க்கப்படவில்லை. ஒவ்வொருவரிடமும், அந்தக் கொஞ்சம் உங்கள் எல்லையைக் கடந்து எங்கே போகிறது என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டார். மூன்று பேரும் தங்கள் கடதாசிகளைப் புரட்டினார்கள்.

திரும்பும் வழியில் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். நெடுஞ்சாலையில் ஏறினோம். பிறகு சொன்னார்:

"எல்லாரும் கொஞ்சம் எண்டுதான் சொல்லுகினம், அங்கிள். கொஞ்சத்தை ஆரும் கூட்டிப் பாக்கிறேல்லை."

வேறு ஆட்கள் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். கூட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு ஒன்றும் உருப்படியாகத் தெரியாத எனக்கு, அன்று அந்தக் காருக்குள் ஒரு சொந்தக்காரர் கிடைத்ததுபோல் இருந்தது.

அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்தில் செத்தபோது இவருக்கு இங்கே இன்னும் வதிவிடக் கடதாசி கிடைத்திருக்கவில்லை. போனால் திரும்பி வரமுடியாது, போகவில்லை. ஒரே பிள்ளை. அந்தக் கடனுக்காகத்தான் எங்கள் கோயில் திருவிழாவில் ஒன்பதாம் நாள் உபயத்தைத் தகப்பன் பெயரில் எடுத்திருந்தார். அன்றைய அபிஷேகமும் பூசையும் அவர் செலவு. ஐயர் சங்கல்பத்தில் தகப்பனாரின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்வார். வருடத்தில் வேறெந்த நாளும் அவர் பட்டுச்சேலை கட்டி நான் கண்டதில்லை. கொள்ளிக்குப் போகாத எனக்கு இந்த ஒரு நாள்தான் இருக்கிறது என்று என் மனைவியிடம் சொன்னாராம்.

எங்கள் கோயில் ஒரு பழைய கிடங்கு. ஒரு பக்கம் ரயர் கடை, மறுபக்கம் சமோசா செய்கிற இடம். அதைக் கோயிலாக்கியபோது ஒரு பிரச்சினை வந்தது. மூலஸ்தானத்து அபிஷேகத் தண்ணீர் வடக்குப் பக்கத்துக் கோமுகியால் வெளியே வரவேண்டும். வந்தது எங்கே போவது? கட்டடத்தில் இருந்தது ஒரேயொரு கழிவுக் குழாய், மலசலகூடத்துக்குப் போவது. சுவாமியில் பட்ட தீர்த்தத்தை அதில் சேர்ப்பதா? கூடாது என்று எல்லோரும் ஒரு குரலாகச் சொன்னோம். ஆகவே குழாய் வேலை தெரிந்த ஓர் அடியார் சுவரைத் துளைத்து, லொறி வந்து சாமான் இறக்குகிற பின்முற்றத்துக் கானில் கோமுகிக் குழாயைக் கொண்டுபோய் விட்டார். சுத்தமாக வேலை முடிந்தது என்று அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம்.

கார்ப்பார்க்கில் குனிந்து நின்றவர் ஒருநாள் பின்முற்றத்துக்கும் போனார்.

நிர்வாகசபையிடம் வந்து அமைதியாகத்தான் சொன்னார். பால், தயிர், நெய், தேன் எல்லாம் ஓடைக்குப் போகிறது. பால் அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயுவை எடுத்துவிடும். மீனுக்கு மூச்சு இல்லை. எங்கள் தலைவர் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், நல்ல மனுசன், சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்றும் போடவில்லை.

"தங்கச்சி, எவ்வளவு பால்? கொஞ்சப் பால்தானே."

முறையிட வந்தவர் என்னைப் பார்த்தார். பால் வாங்கி அடுக்குவது என் பொறுப்பு. நாலு லீற்றர் பை, உள்ளே மூன்று சின்னப் பை. எத்தனை என்று எனக்குத் தெரியும். சாதாரண வெள்ளிக்கு எவ்வளவு, திருவிழாவுக்கு எவ்வளவு, வருடத்துக்கு எவ்வளவு என்று கூட்டிச் சொன்னேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். தலைவர் என்னைப் பார்த்த பார்வை நல்லாயில்லை.

திருவிழா முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றார் தலைவர். இவர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் விளங்கியது. தேர்தல் முடியட்டும் என்ற அந்த மூன்றாம் ஊர்க்காரரை நானும் கேட்டிருந்தேன். கடைசியில், திருவிழா நாட்களுக்குக் கோமுகிக் குழாய் முடிகிற இடத்தில் பிளாஸ்ரிக் பீப்பா வைத்துப் பிடிப்பது, நிரம்பினால் வண்டி வைத்து அப்புறப்படுத்துவது, கான் வாயை இரும்புத் தகட்டால் அடைப்பது என்று முடிவானது. விதி எழுதுவதுதான் தன் வேலை, மீறுகிறவர்களைப் பிடிப்பது வேறு பிரிவு, ஆனால் கண்டால் தெரியாததுபோல இருக்க முடியாது என்று அவர் எழும்பும்போது சொன்னார். அது வெருட்டல் அல்ல. கெஞ்சல்போல இருந்தது. யாரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் வந்தது. பல நாளாக மழையில்லை, வெய்யில் கொளுத்தியது. நானே அடுக்கினேன்: அறுபத்திரண்டு பை. தகப்பனுக்கு அவர் குறை வைப்பதில்லை. அபிஷேகம் தொடங்கி, பால் வெள்ளையாக விக்கிரகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அடியார்கள் அரோகரா சொன்னார்கள். அவர் முன்வரிசையில், கணவருக்குப் பக்கத்தில், மாம்பழ நிறப் பட்டில் நின்றார். எல்லோருடைய கண்ணும் சுவாமியின் முகத்தில் இருந்தது. அவருடைய கண் கீழே, கோமுகிப் பக்கம் போனது. அப்புறம் ஆளைக் காணவில்லை.

சங்கல்பத்துக்கு உபயகாரரைக் கூட்டிவாருங்கோ என்று ஐயர் சைகை காட்டினார். நான் தேடிப் போனேன். பின்முற்றத்தில் பீப்பா இரண்டும் முதல்நாள் தண்ணீரோடு நிரம்பிப் புளித்து நாறிக்கொண்டு நின்றன. வண்டி வரவில்லை. கான் வாயை அடைத்த தகட்டை யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள். பால் கானுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ரயர் கடைக்குப் பின்னால் வேலி முடிகிற இடத்தில் சரிவு. சரிவுக்குக் கீழே ஓடை. அங்கே நின்றார். பட்டுச்சேலையை ஒரு கையால் முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்திருந்தார். காலில் அந்த றப்பர் சப்பாத்து. ஓடை வற்றி, கணுக்கால் அளவு தண்ணீர்தான். ஒரு குழாய் வாயிலிருந்து வெள்ளையாக வந்து, கஞ்சித்தண்ணீர்போலப் பரவியிருந்தது. விரல் நீளத்தில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. என்னை அறியாமல் எண்ணத் தொடங்கினேன். பதினொன்றில் நிறுத்தினேன்.

கணவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் உள்ளேயிருந்து பேசுகிறார் போலும். மணிச்சத்தம் எனக்கும் கேட்டது. "உமக்கு ஏனப்பா? அங்கை அப்பாவின்ரை பேர் சொல்லப்போகினம், வாரும்" என்று அவர் சொன்னதும் கேட்டது. இவர் போனை வைத்துவிட்டார்.

"அங்கிள், இண்டைக்கு எத்தினை பை?"

"அறுபத்திரண்டு."

"இருநூற்று நாப்பத்தெட்டு லீற்றர்" என்று அவரே பெருக்கினார். பிறகு, "என்ரை அப்பாவின்ரை பால்" என்றார்.

இப்படியானதை அறிவிப்பதற்கு மாகாணத்தில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணை எல்லா ஊரும் சுவரில் ஒட்டவேண்டும் என்று தன் திட்டத்தில் அவரே ஒரு வரி எழுதியிருந்தார். அந்த எண்ணை அழுத்தினார். ஆங்கிலத்தில், மெதுவாக, இடத்தைச் சொன்னார், அளவைச் சொன்னார். யார் ஊற்றியது என்று மறுபக்கத்தில் கேட்டிருக்கவேண்டும். தன் பெயரைச் சொன்னார்.

"ஐயரிட்டைச் சொல்லுங்கோ அங்கிள், பூசையை நிப்பாட்ட வேண்டாம். மிச்சத்தை அண்டாவிலை பிடிச்சா காணும். நான் அரசாங்க ஆக்கள் வாறமட்டும் இதிலை நிக்கிறன்."

நான் போய்ச் சொன்னேன். தகப்பனாரின் பெயரும் நட்சத்திரமும் சொல்லப்பட்டபோது, அதைக் கேட்கவேண்டியவர் ஓடைக்குள் நின்றார். தீபாராதனையையும் அவர் காணவில்லை.

வந்த அதிகாரி சின்ன வயதுக்காரன். யாரும் சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினான். போத்தல்களில் தண்ணீர் எடுத்தான், படம் எடுத்தான், எல்லோருக்கும் நன்றி சொன்னான். சில நாளில் கட்டளை வந்தது: குழாயை மாற்றவேண்டும். தண்டப்பணம் இல்லை. ஆனால் கோயிலில் யாருக்கும் அது நிம்மதியாகத் தெரியவில்லை. வெளியாள் பிடித்திருந்தால் சட்டம் என்றிருப்பார்கள். உள்ளாள் பிடித்துக்கொடுத்தால் அதற்கு வேறு பெயர். கான் அன்ரி என்று சிரித்துச் சொன்னவர்கள் இப்போது சிரிக்காமல் சொன்னார்கள்.

குழாயை எங்கே சேர்ப்பது என்ற கூட்டத்துக்கு அவரையும் கூப்பிட்டோம். மலசலகூடக் குழாய் ஒன்றுதான் வழி என்றார். கட்டடத்துக்குள் தனிக் குழாயாகக் கொண்டுபோய், வெளியே நிலத்துக்கடியில் சேர்க்கலாம். தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவரை பேசாதிருந்த ஐயர்தான் கேட்டார்.

"அதாலை எங்கை போகுது, பிள்ளை?"

அந்தக் கேள்வியை அவரிடம் ஒருவர் கேட்டது அன்றுதான் முதல்தடவையாக இருக்கவேண்டும். கதிரையை ஐயர் பக்கம் திருப்பிக்கொண்டார். சுத்திகரிக்கும் இடத்துக்குப் போகிறது, அங்கே சுத்தமாக்கி ஏரிக்கு விடுகிறார்கள், ஏரியிலிருந்து எடுத்து மறுபடி சுத்தமாக்கிக் குழாயில் அனுப்புகிறார்கள் என்றார்.

"அப்ப நான் காலமை கும்பத்திலை நிரப்பிறது?"

"அதுதான் ஐயா."

ஐயர் கொஞ்சநேரம் தாடியைத் தடவினார். "இவ்வளவு நாளும் உதைத்தானே நான் மந்திரஞ்சொல்லிக் கங்கை எண்டு ஊத்திறன்" என்றார். "சேருங்கோ."

சேர்த்தார்கள். பொன்னாடை ஒன்றும் போர்த்தவில்லை.

அடுத்த வருடம் திருவிழா அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் ஒன்பதாம் நாள் வேறொரு குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது. பதினொரு பேரில் ஏழு பேர் ஓம், நாலு பேர் இல்லை. நாலில் நானும் ஒருவன். நாலு என்பது கொஞ்சம்தான். அந்தக் கூட்டத்தோடு நான் சபையை விட்டேன். வயதும் ஒரு காரணம், அலுப்பும் ஒரு காரணம். செய்தியைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணீர் தந்தார். தெரியும் அங்கிள் என்றார். ஓடையில் நின்று போனை எடுக்கும்போதே தெரியும் என்றார். மேசையில் அவர்களுடைய திட்டத்தின் கடைசிப் பிரதி கிடந்தது. முந்திய வரைவைத் தூக்க இரண்டு கை வேண்டும். இது ஒரு கைக்குள் அடங்கியது. எல்லையைக் கடந்து போகும் தண்ணீரைப் பற்றிய பகுதி மெலிந்து, ஊர்கள் கவனத்தில் கொள்ளலாம் என்று ஆகியிருந்ததாம்.

எதிர்த்துப் பேசுகிறவர்களால் தனக்குக் களைப்பில்லை என்றார். "எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுகினம். அந்த ஓம் எங்கை போகுது எண்டுதான் தெரியேல்லை" என்றார். தேத்தண்ணீரின் அடிமண்டியை அவர் கழுவுதொட்டியில் ஊற்றவில்லை. பின்கதவைத் திறந்து கறிவேப்பிலைச் சாடிக்கு ஊற்றினார்.

பிறகு கணவருக்கு வேலை மாறி, மேற்கே இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஒரு சிறு நகரத்துக்குப் போய்விட்டார்கள். முதலில் தீபாவளிக்கு அழைப்பார். பிறகு அதுவும் நின்றது. என் மனைவி இருக்கும்வரை அவரைப் பற்றிக் கேட்பாள்.

போன மாதம் ஒரு தொலைபேசி வந்தது. என்னோடு படித்தவன், அந்தப் பக்கத்தில் புதிதாகத் தொடங்கிய சின்னக் கோயிலில் செயலாளராக இருக்கிறான். சுகம் விசாரித்தான். சீனி கூடிப்போச்சு என்றான், எனக்கும் என்றேன். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டான்:

"மச்சான், உங்கடை கோயிலிலை முந்தி இருந்த ஒரு பொம்பிளை, இப்ப எங்கடை பக்கம் வந்திருக்கிறா. தகப்பன்ரை பேரிலை ஒரு உபயம் கேக்கிறா. நல்ல மனுசிதான் போல. ஆனா நேற்று மழைக்கை கார்ப்பார்க்கிலை குனிஞ்சு பாத்துக்கொண்டு நிண்டவ. என்னவும் விழுந்திட்டுதோ எண்டு கேட்டன், இல்லை எண்டா. ஆள் எப்பிடி? குடுக்கலாமோ?"

சொல்ல எனக்கு நிறைய இருந்தது. எங்கிருந்து தொடங்குவது என்ற அலுப்பு முதலில் வந்தது.

"குடு" என்றேன். "ஆனா முதல்லை எனக்கு ஒண்டைச் சொல்லு. உங்கடை அபிஷேகத் தண்ணி எந்தப் பக்கத்தாலை போகுது?"

மறுமுனையில் யாரிடமோ கேட்டான். பிறகு அவன் சொன்னான், கானுக்கை விட்டிருக்கிறம், கொஞ்சம்தானே.